சிம் யாருடையது, பொட்டலம் யாருடையது

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அவருடைய பழைய மாணவன் ஒருவனைப் போதைப்பொருள் விவகாரத்தில் பொலிஸ் கூட்டிப் போயிருக்கிறது. லயத்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு துகள்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய ஃபோனை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். "கையில் ஒன்றும் இல்லாதவனை எப்படிப் பிடிக்கலாம்? ஃபோன் வழியாக இந்த வியாபாரம் உண்மையில் எப்படி நடக்கிறது? பொலிஸ் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிள்ளைகளிடம் இருந்து ஃபோனை வாங்கி வைத்தால் தீருமா?" என்பவைதான் அவருடைய கேள்விகள்.

டீச்சர், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதினெட்டு வருடமாகப் போதைப்பொருள் வழக்குகளுக்கு நின்ற சட்டத்தரணி நான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்தப் பையனின் பெயரில் ஒரு சிம்மோ கைப்பேசிப் பணக் கணக்கோ இருந்திருக்கும். அதை வேறு யாரோ பயன்படுத்தியிருப்பார்கள். கோப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடந்த சில வருடங்களில் என்னைத் தேடி வந்த தோட்டத்துத் தாய்மார் பலர் சொன்ன கதை இதுதான்: "ஐயா, அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல, ஃபோன்லதான் ஏதோ இருந்துச்சாம்."

முன்பெல்லாம் சாமான் வாங்க ஒரு முகம் தேவைப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவர், சாராயக் கடைக்குப் பின்புறம் இருக்கும் ஒருவர், வாரம் ஒரு தடவை கொழும்பில் இருந்து வந்து போகும் இன்னொருவர். ஊருக்கே தெரிந்த முகம், பொலிஸுக்கும் தெரிந்த முகம். இப்போது முகம் போய் நம்பர் வந்துவிட்டது. வாங்குகிறவர் வட்ஸ்அப்பில் ஒரு நம்பருக்கு எழுதுகிறார். அந்த நம்பரைக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு கூட்டாளி. பதிலாக ஒரு கணக்கு வரும். அது ஈசி கேஷ் போன்ற கைப்பேசிப் பணக் கணக்காக இருக்கும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்காக இருக்கும். கொமியூனிகேஷன் கடையிலோ காசு போடும் இயந்திரத்திலோ பணத்தைப் போட்டு ரிசீட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அப்புறம் லொக்கேஷன் வரும். கூடவே ஒரு படமோ சின்ன வீடியோவோ வரும். மதகுக்குக் கீழே, மின்கம்பத்தின் அடியில், தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரத்தின் வேரில் பொட்டலம் இருக்கும். விற்றவரும் வாங்கியவரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

இந்த யோசனை நம் ஊரில் பிறந்தது இல்லை. ரஷ்யாவில் 'ஹைட்ரா' என்ற மறைவான இணையச் சந்தை 2015 முதல் இதே முறையில்தான் நடந்தது. பணம் பிட்கொயினில் போகும். பொட்டலத்தைப் பூங்காவிலோ பனிக்குள்ளோ புதைத்துவிட்டு இடத்தின் புள்ளியையும் படத்தையும் அனுப்புவார்கள். 2022 ஏப்ரலில் ஜெர்மன் பொலிஸ் அதன் சேர்வர்களைக் கைப்பற்றி மூடியது. அதுவரை அங்கே தெருவில் மாட்டிக்கொண்டவர்களில் பலர் பொட்டலத்தைப் புதைக்கப் போன இளவயதுப் பையன்களும் பெண்களும்தான். சந்தையை நடத்தியவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். நம் ஊரில் பிட்கொயினுக்குப் பதிலாக ரீலோட் கடை இருக்கிறது. மற்றதெல்லாம் ஒன்றுதான். மாட்டிக்கொள்ளும் ஆளும் அதே வயது, அதே வசதி.

"வட்ஸ்அப்பை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாதாமே" என்று பையன்கள் ஒரு தைரியத்தில் இருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்பும் ஃபோனில் பூட்டப்பட்டு, பெறும் ஃபோனில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் கம்பனிக்கும் வாசிக்க முடியாது. ஆனால் இரண்டு முனையிலும் அது திறந்த கடிதம். ஃபோன் பொலிஸ் கையில் திறந்து கிடந்தால் பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் பிள்ளை அழித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எதிர்முனையில் இருப்பவர் அழித்திருக்க மாட்டார். அவர் போன மாதம் ஹட்டனிலோ வத்தளையிலோ பிடிபட்டிருந்தால், அவருடைய ஃபோனில் உங்கள் பிள்ளையின் நம்பர், குரல் பதிவு, ரிசீட் படம் எல்லாம் அப்படியே இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பையன் பிடிபடும் வழிகளில் இதுதான் மிகச் சாதாரணமானது.

உலகத்தில் பெரிய கூட்டங்களும் இதே நம்பிக்கையில்தான் விழுந்தன. ஐரோப்பாவில் 'என்க்ரோசெட்' என்று கடத்தல்காரர்கள் நம்பிய தனி ஃபோன் வலையமைப்பு இருந்தது. சுமார் 60,000 பேர் வைத்திருந்தார்கள். 2020இல் பிரெஞ்சு, நெதர்லாந்து பொலிஸார் அதற்குள் நுழைந்து செய்திகளை நேரடியாகவே வாசித்தார்கள். அடுத்த வருடம் நடந்தது இன்னும் பெரிது. 'அனொம்' என்ற ஃபோனை ஆரம்பத்தில் இருந்தே இரகசியமாக நடத்தியது அமெரிக்காவின் எஃப்பிஐயும் அவுஸ்திரேலியப் பொலிஸும்தான். சுமார் 12,000 கருவிகள், 2 கோடி 70 இலட்சம் செய்திகள். 2021 ஜூனில் வலையை இழுத்தபோது எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் கைதானார்கள். பூட்டின் கணக்கை உடைக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. பூட்டு விற்கும் கடையையே தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

இலங்கையில் அப்படிப்பட்ட வேலைக்கு ஆளும் பணமும் குறைவு. பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் 1973இலேயே தொடங்கப்பட்டது. அனுபவம் நிறைய உண்டு. ஆனால் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் சாதாரண பொலிஸ் நிலையத்தின் கையில் இருக்கும் தொழில்நுட்பம் மூன்றுதான்: பிடித்த ஃபோன், நீதவானின் உத்தரவோடு தொலைபேசிக் கம்பனியிடம் வாங்கும் அழைப்பு விபரப் பட்டியல், அப்புறம் பணம் போன தடம்.

அழைப்புப் பட்டியல் என்றால் பேசியது என்ன என்று அதில் இருக்காது. எந்த நம்பர் எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக, எந்தக் கருவியில் இருந்து என்பதுதான் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஃபோனுக்கும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் ஒன்று உண்டு. சிம்மை மாற்றினாலும் அந்த எண் மாறாது. ஃபோனை மாற்றிப் பழைய சிம்மைப் போட்டால் புதுக் கருவியும் அதே கோட்டில் வந்து சேரும். இந்த இரண்டு நூலையும் பிடித்துப் பின்னால் போனால் ஒரு மாதத்தில் ஒரு வலையே தெரியும். பொறுமையான ஓர் அதிகாரி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, விற்றவன் யார், வெறுமனே வீட்டுக்குப் பேசியவன் யார் என்று பிரித்துக் காட்டியதை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பில் நின்றுகொண்டே அந்த வேலையை மதித்தேன்.

ஆனால் டவர் விஷயத்தில் நம் மலைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு வழக்கிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகவில்லை, இன்னும் சொல்வேன். கொழும்பில் டவர்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு டவர் என்றால் ஒன்றிரண்டு தெரு. இங்கே ஒரு மலை உச்சியில் நிற்கும் டவர் பள்ளத்தாக்கைத் தாண்டி மூன்று நான்கு தோட்டங்களுக்குச் சிக்னல் கொடுக்கிறது. அதோடு நம் ஃபோன் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் டவரை என்று சொல்லவும் முடியாது. நடுவில் மலை மறைத்தால் பக்கத்து டவர் கிடைக்காது, எதிர் மலையில் கண்ணுக்கு நேரே தெரியும் தூரத்து டவர்தான் கிடைக்கும். கீழ் டிவிஷன் லயத்தில் படுத்திருப்பவனும் மேல் டிவிஷன் ரோட்டில் நிற்பவனும் பட்டியலில் ஒரே இடத்தில் இருப்பதாகத் தெரிவார்கள். ஆகவே "பொட்டலம் வைத்த நேரத்தில் இவன் அந்த டவர் எல்லையில் இருந்தான்" என்று வாசிக்கும்போது, அந்த எல்லைக்குள் எத்தனை லயம், எத்தனை ஆயிரம் பேர் என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்காவிட்டால் வீட்டில் இருந்ததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். நாம் சிக்னல் தேடி எந்த வளைவில் போய் நின்று பேசுகிறோம் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பில் இருந்து வரும் அறிக்கைக்குத் தெரியாது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவனின் கதை இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விற்பவர் தன் பெயரில் கணக்கு வைக்க மாட்டார். அவருக்கு இரவல் பெயர் வேண்டும். வேலையில்லாத பையன், புறக்கோட்டைக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வந்த பையன், அடையாள அட்டை இப்போதுதான் கிடைத்த பையன். "மச்சான், உன் ஐடியில ஒரு சிம் எடுத்துத் தா, என் ஐடி தொலைஞ்சிடுச்சு." "உன் கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தந்தா உனக்கு ரெண்டாயிரம்." 2024இல் ஒரு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய். மழையிலும் அட்டைக் கடியிலும் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் அம்மாவுக்குக் கிடைப்பதைவிட அதிகம், ஒரு ஏடிஎம்முக்குப் போய் வந்தால் மகனுக்குக் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பையனைப் பேராசைக்காரன் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதேநேரம் அவனுக்கு இதன் விலை தெரியவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

விலை இதுதான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின்படி, குற்றத்தில் இருந்து வந்த பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ அதைக் கையாண்டால் 5 வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை கடூழியச் சிறை விதிக்கலாம். கையில் ஒரு கிராம்கூட இருக்கத் தேவையில்லை. அதே வருடம் வந்த 6ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சந்தேகமான பணப் பரிமாற்றங்களை மத்திய வங்கியில் இருக்கும் நிதிசார் உளவறிதல் பிரிவுக்கு வங்கிகள் அறிவிக்க வேண்டும். வேலை இல்லாத பத்தொன்பது வயதுப் பையனின் கணக்குக்கு ஒரே நாளில் இருபது பேர் இரண்டாயிரம், மூவாயிரம் என்று போட்டு, மாலையில் மொத்தமும் எடுக்கப்பட்டால் அது கண்ணில் படாமல் போகாது. அந்தக் கணக்கு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரே உண்மையான பெயர், ஒரே உண்மையான முகவரி, நம் பையனுடையது. மற்ற எல்லாமே மாற்றக்கூடியவை.

பொட்டலத்தோடு பிடிபட்டால் நடப்பது வேறு. அங்கே கிராம்தான் பேசும். போதைப்பொருள் சட்டத்தின் 1984 திருத்தத்துக்குப் பிறகு 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைனுக்கு நீண்ட காலம் அப்படி ஓர் எல்லை இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தில்தான் 5 கிராம் என்ற எல்லை வந்தது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும், தீர்ப்பை வாசிக்கும்போது அந்தச் சொல் அப்படியேதான் காதில் விழும். கூண்டுக்கு வெளியே நிற்கும் தாயிடம் "தூக்குப் போட மாட்டார்கள் அம்மா" என்று தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது.

பூட்டியிருந்த ஃபோனைத் திறந்தாயிற்று, பட்டியலும் வந்தாயிற்று. அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது இன்னொரு கேள்வி. கணினி, ஃபோன் சாட்சியங்களை ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இருக்கிறது. விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாள் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும். கருவியைப் பார்வையிட அனுமதி கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கும் உண்டு. சரி, சட்டத்தில் இப்படி. நடைமுறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வழக்கில் ஃபோனைக் கைப்பற்றிய பிறகு அதை உறையில் போட்டு முத்திரை வைக்காமல், நிலையத்தில் இரண்டு நாள் மாறி மாறித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். புதுச் செய்திகள் வந்திருக்கின்றன, வாசித்த அடையாளம் விழுந்திருக்கிறது, யாரோ பதிலும் அனுப்பியிருக்கிறார்கள். பையன் அப்போது பொலிஸ் கூண்டுக்குள் இருந்தான். அவன் கூண்டுக்குள் இருந்தபோது அவன் ஃபோன் "ஓகே" என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு சொல்லால் முழுப் பதிவின் மீதும் சந்தேகம் விழுந்தது. அவன் வெளியே வந்தது நல்லதுதான். ஆனால் எதிர்முனையில் இருந்த நம்பர், உண்மையான வியாபாரியின் நம்பர், அதுவும் அந்தச் சந்தேகத்தோடு சேர்ந்தே போய்விட்டது. ஒழுங்காக ஃபோனை அணைத்து, உறையிட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அங்கே முழுப் பிரதி எடுத்திருந்தால் ஒரு படி மேலே ஏறியிருக்கலாம். சாட்சியத்தைக் கவனமாகக் கையாள்வது குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், கவனம் இல்லாதபோது தப்பிப்பது எப்போதும் மேலே இருப்பவர்தான்.

மொழியும் இதில் ஒரு பெரிய ஓட்டை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். பையன் தமிழில் சொல்வான். நடுவில் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நிலையத்திலேயே ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவர். "சிம்மைக் கொடுத்தேன்" என்பதும் "சிம்மைக் கொடுத்து வைத்திருந்தேன்" என்பதும் அவருக்கு ஒன்றாகத் தெரியலாம். வழக்கில் இரண்டுக்கும் நடுவே பல வருடச் சிறை இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது அடாவடி ஆகாது.

இப்போது பெரிய படத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையை ஆரம்பித்தார்கள். சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அந்த முறையைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அந்த நாட்களில் லயங்களில் நடந்த சோதனைகளை நானும் பார்த்தேன். பிடிபட்டவர்களில் பலர் பாவிப்பவர்கள், பல வருடமாகச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள். மறுபக்கம், 2025 ஆகஸ்டில் பாதாள உலகக் குழுக்களின் தலைவர்கள் சிலர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் பிடிபட்டார்கள். இலங்கைப் பொலிஸும் இந்தோனேசியப் பொலிஸும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்களை விசாரித்ததில், நுவரெலியாவில் வாடகைக்கு எடுத்த வீடொன்றை ஐஸ் தயாரிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று அடுத்த மாதம் பொலிஸ் அறிவித்தது. நுவரெலியாவில், டீச்சர்! நாம் பையன்களின் காற்சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருந்த அதே காலத்தில், வசந்தகால விடுதிகளுக்கு நடுவே ஒரு வீடு. அதைக் காட்டிக்கொடுத்தது லயத்துச் சோதனை எதுவும் இல்லை, மேலே இருந்த சில பேரின் விசாரணை.

சிவனொளிபாதமலைப் பருவத்தில் கினிகத்தேனைப் பக்கம் வாகனங்களை மறித்துச் சோதிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை ஒவ்வொரு வருடமும் மோப்ப நாய்கள் நிற்கும். கண்டி அஸ்கிரியவில் இருக்கும் பொலிஸ் நாய்ப் பிரிவில் பழக்கப்பட்ட அந்த நாய்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேனில் சீட்டுக்கு அடியில் இருக்கும் சிறு கஞ்சாப் பொட்டலத்தையும் கண்டுபிடித்துவிடும். பிடிபடுவது பெரும்பாலும் மலை ஏற வந்த இளைஞர் கூட்டம், சிறு அளவு, அபராதத்தோடு முடிந்துவிடும். இதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கைது எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பொலிஸ் பிரிவின் வேலையை அளந்தால் எல்லோரும் ரோட்டில்தான் நிற்பார்கள். பணத்தின் தடத்தைத் தேட யாரும் மேசையில் உட்கார மாட்டார்கள். 2025இல் குற்றத்தால் வந்த சொத்துகளைப் பறிமுதல் செய்வதற்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்த வருடத்தின் 5ஆம் இலக்கச் சட்டம். அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் நாலு இரவல் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் வீட்டையும் வாகனத்தையும் தொடலாம். நான் மனதார எதிர்பார்ப்பது அதைத்தான்.

வெளிநாட்டில் இருந்து நடத்துபவர்களை எட்டுவது கடினம், முடியாதது இல்லை. இணையக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் 2015இல் தெற்காசியாவிலேயே முதல் நாடாக இலங்கை சேர்ந்தது. வேறு நாட்டில் இருக்கும் தரவை அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி கேட்க அதில் வழி உண்டு. ஆனால் கேட்பதற்கு முதலில் இங்கே பிடிபட்ட ஃபோனில் சரியான நம்பர், சரியான நேரம் கெடாமல் இருக்க வேண்டும். மறுபடியும் அந்த உறையும் முத்திரையும்தான். சிறைக்குள் இருந்தே ஃபோனில் வியாபாரம் நடப்பதும் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிக்னலை மறைக்கும் ஜாமர் வைத்தால் சுற்றுப்புற வீடுகளுக்கும் சிக்னல் இல்லாமல் போகிறது, வைக்காவிட்டால் உள்ளே பேசுகிறார்கள். ஃபோன் உள்ளே போகும் கதவில் நிற்பவரை ஜாமர் திருத்தாது.

ஃபோனை வாங்கி வைத்தால் தீருமா என்று கேட்டீர்கள். தீராது என்பேன். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, நகையை அடகு வைத்து எத்தனை தாய்மார் பிள்ளைக்கு ஃபோன் வாங்கினார்கள், சிக்னலுக்காகப் பிள்ளைகள் எந்த மலை உச்சிக்கு ஏறினார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஃபோனில்தான் இன்றைக்கும் அவர்கள் பாடக் குறிப்பும் வேலை விளம்பரமும் பார்க்கிறார்கள். பிடுங்கினால் கூட்டாளியின் ஃபோன் கிடைக்கும். நான் பெற்றோர் கூட்டங்களில் சொல்வது வேறு. பிள்ளையின் ஃபோனுக்குள் இருப்பதைவிட, பிள்ளையின் பெயரில் வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபோனில் #132# அழுத்தினால் உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். ஆத்தாவின் ஐடியையும் பாருங்கள், எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாமார் பெயரில் நம்பர்கள் எடுக்கப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அடையாளம் தெரியாத நம்பர் இருந்தால் கம்பனிக்குப் போய் எழுத்தில் துண்டிக்கச் சொல்லி, பிரதியை வாங்கி வையுங்கள். வங்கிப் புத்தகத்தை மாதம் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். கணக்கை இரவல் கேட்பவன் கூட்டாளி இல்லை என்பதை, ஒரு உதாரணக் கதையோடு, வகுப்பில் நீங்களே சொல்லலாம். பொலிஸ் வந்து சொல்வதைவிட அது நன்றாக ஏறும்.

பாவிக்கிற பிள்ளை என்றால் அது வேறு பேச்சு. தூள், ஐஸ் என்று நாம் பயந்துகொண்டிருக்கும்போது நகரத்துப் பாடசாலை வாசலில் பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவும் போதை மாத்திரையும் சத்தமில்லாமல் போகின்றன. தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும், கண்டியில் அவர்களுடைய சிகிச்சை நிலையமும் இருக்கிறது. 2007இன் சிகிச்சைச் சட்டத்தின்படி ஒருவர் தானாகவே முன்வந்தும் சிகிச்சை பெறலாம். பொலிஸ் கையில் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பெயர் கெட்டுவிடும் என்று மறைத்து மறைத்து, கடைசியில் என்னிடம் வரும்போது பிள்ளையின் பற்கள் கொட்டியிருக்கும். தயவுசெய்து அவ்வளவு தாமதிக்காதீர்கள்.

உங்கள் மாணவனுக்கு உடனே செய்ய வேண்டியது: அவன் ஃபோன் வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம், அதன் பக்கவாட்டில் ஐஎம்இஐ எண் அச்சாகியிருக்கும். பொலிஸ் எடுத்துப் போன ஃபோனும் அதுவும் ஒன்றுதானா என்று பின்னால் ஒப்பிட உதவும். அவன் பெயரில் இருக்கும் எல்லாச் சிம்களின் பட்டியலையும், வங்கி, கைப்பேசிப் பணக் கணக்குகளின் கடந்த ஆறு மாத அறிக்கையையும் அம்மா எடுக்க முயற்சிக்கட்டும். யாருக்குச் சிம் எடுத்துக் கொடுத்தான், எப்போது, அந்த ஆள் முதலில் எந்த நம்பரில் இருந்து பேசினான் என்று அவன் நினைவில் இருப்பதை, இன்னும் மறக்காமல் இருக்கும்போதே, சட்டத்தரணியிடம் மட்டும் சொல்லட்டும். கூட்டாளிகளிடம் பேசிச் சரிபார்க்கப் போக வேண்டாம், புதிய ஃபோனில் அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கோல்கூட வேண்டாம். பணம் இல்லை என்று தயங்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவின் 1985க்கு அழைக்கச் சொல்லுங்கள். அடுத்த தவணை என்றைக்கு என்று தெரிந்ததும் எனக்கும் எழுதுங்கள் டீச்சர். ஹட்டன் கோர்ட்டு என்றால் அன்றைக்கு நானே வந்து கோப்பைப் பார்க்கிறேன்.